ஏரியின் முழுப் படம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வைதேகி சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மெல்பேர்ணுக்கு வெளியே இருந்த வெரிபீயில் அந்தக் காலத்தில் ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் நிற்கவேண்டும். எடுக்காமல் ஓடிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தவள், ஒற்றைச் சப்பாத்தோடு நொண்டிப்போய் எடுத்தாள்.

"மிஸிஸ் விக்னராஜா?" தூரத்து ஆண் குரல். ஒவ்வொரு சொல்லும் வந்து சேர நேரம் எடுத்தது. தான் கனடாவின் வடகோடியில், யூக்கோனில் இருந்து பேசும் பொலிஸ்காரர் என்றார். பெயர் மக்லீன். "உங்கள் கணவர் எந்த ஏரிக்குப் போனார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

வைதேகி கையால் துழாவிக் கதிரையைக் கண்டுபிடித்து அதில் இருந்தாள்.

"தெரியாது," என்றாள்.

அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. விக்னராஜா மெல்பேர்ணில் நில அளவை அலுவலகமொன்றில் வரைபடம் வரைபவன். ஆறு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது அவன் கொண்டுவந்த பெட்டியில் பாதி கமெராச் சாமான்தான். வந்த முதல் குளிர்காலத்திலேயே மலைக்குப் போய்ப் பனியைப் பார்த்தவன், அதோடு பித்துப் பிடித்தவன் போலானான். பனியில் வாழும் மிருகங்களைப் படம் எடுக்கவேண்டும், அதுவும் உலகத்தின் வடக்கு ஓரத்தில், சூரியன் வந்தும் வராமலும் இருக்கிற மாதத்தில். நாலு வருட விடுமுறையைச் சேர்த்துவைத்து, 1977 ஜனவரி தொடக்கத்தில் புறப்பட்டான். பனிச்சறுக்குக் கட்டைகள் பூட்டிய சின்ன விமானம் வைத்திருந்த ஹென்றி என்ற கிழவன் அவனைக் கொண்டுபோய் உறைந்த ஏரியொன்றில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு.

எந்த ஏரி என்று அவள் புறப்படும் நாளில் கேட்டாள். அவன் சிரித்தான்.

"அது எனக்கும் ஹென்றிக்கும் மட்டும்தான் தெரியும். அங்க ஓநாய்க் கூட்டம் ஒண்டு இருக்கு. விமானத்தில போய் மேல இருந்து சுடுறவங்கள் இருக்கிறாங்கள். இடம் தெரிஞ்சால் ஒண்டும் மிஞ்சாது."

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

"நீர் சொல்லமாட்டீர். ஆனாலும் தெரியாமலே இருக்கட்டும்."

அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. இப்போது தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தபோது கேட்காமல் விட்ட அந்த இரண்டாம் முறைதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மக்லீன் சொன்னது இவ்வளவுதான். ஹென்றிக்கு ஒன்பது நாட்களுக்கு முன் பாரிசவாதம் வந்துவிட்டது. தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை. அவன் எழுதிவைத்த பதிவுகளில் ஏரியின் பெயர் எங்கும் இல்லை. பன்னிரண்டாம் திகதி ஒரு ஆளைத் திருப்பிக் கூட்டிவர வேண்டியிருந்தது என்பது ஹென்றியின் மனைவிக்கு நேற்றுத்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பிரதேசத்தில் ஏரிகள் ஆயிரக்கணக்கில். எல்லாம் உறைந்து, எல்லாம் வெள்ளை. குளிர் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை.

"சாப்பாடு எத்தனை நாளுக்கு?" என்று கேட்டார்.

"இருபதாம் திகதி வரைக்கும் வரும் எண்டு ஏரிக்குப் போகமுன் போட்ட கடிதத்தில எழுதியிருந்தவர்," என்று தமிழில் தொடங்கி, திடுக்கிட்டு, ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னாள்.

அன்றைக்குத் திகதி பெப்ரவரி பதினைந்து.

"படங்கள், குறிப்புகள், ஏதாவது அனுப்பியிருந்தால்…" என்று மக்லீன் இழுத்தார்.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் பொதி ஞாபகத்துக்கு வந்தது. முதல்நாள்தான் வந்திருந்தது. ஜனவரி கடைசியில் ஹென்றி ஒருமுறை சாப்பாடும் எண்ணெயும் கொண்டுபோனபோது, எடுத்து முடித்த படச்சுருள்களை விக்னராஜா அவனிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறான். ஒன்பது வண்ணச் சுருள்கள், நாலு கறுப்பு வெள்ளை. கூடவே துண்டுக் கடதாசி: "குளிர்பெட்டியில் வையும். ஒன்றையும் கழுவவேண்டாம். நான் வந்து கழுவுறன்."

வண்ணச் சுருளைக் கழுவ வீட்டில் வழியில்லை. தொழிற்சாலைக்கு அனுப்பினால் பத்து நாள் எடுக்கும். கறுப்பு வெள்ளையை அவளே கழுவலாம். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே இருட்டறையில் வேலை செய்பவள் அவள். மற்றவர்களின் உடைந்த எலும்புகளை நாளுக்கு நூறு முறை மருந்துத் தண்ணீரில் தோய்த்து எடுக்கிற கை. கழுவத் தெரியாது என்று சொல்ல முடியாது. கழுவாதே என்று அவன் எழுதியிருந்தான், அவ்வளவுதான்.

"நாளைக்கு இதே நேரம் கூப்பிடுங்கள்," என்று மக்லீனிடம் சொல்லிவிட்டு, ஜெயரட்ணத்தைக் கூப்பிட்டாள்.

ஜெயரட்ணம் விக்னராஜாவின் பள்ளிக்கூடத் தோழன். நகரத்துக்குக் கிட்ட ஃபுட்ஸ்கிரேயில் குடியிருந்தான்; நகரத்துச் செய்தித்தாள் அலுவலகமொன்றில் இயந்திரங்களைத் திருத்துகிற வேலை. அவள் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"அண்ணை, கேக்குதோ?"

"ஓம். என்ன வேணும், சொல்லு தங்கச்சி."

"ஐஸ். நிறைய ஐஸ்."

அன்று மெல்பேர்ணில் நாற்பத்தொரு பாகை வெயில். படம் கழுவும் மருந்து இருபது பாகையில் இருக்கவேண்டும். கொஞ்சம் ஏறினாலும் நேரத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். நிறைய ஏறினால் சுருளின் மேல் பூச்சு இளகிவிடும். வீட்டுக் குழாயைத் திறந்தால் வந்த தண்ணீரில் தேநீர் போடலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரிக்குச் சுகமில்லை என்று சொன்னாள். பின்புறத்து உடுப்புக் கழுவும் அறைதான் விக்னராஜாவின் இருட்டறை. யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, பெரிதாக்கும் கருவியை ஒரு மூலையில் வைத்திருந்தான். தகரக் கூரை. ஜெயரட்ணம் வரும்வரை பொறுத்திருந்திருக்கலாம். ஆனால் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. குளிர்பெட்டியில் இருந்த ஐஸ்கட்டிகளை மட்டும் வைத்து மருந்தை ஆற்றி, இருட்டில் முதல் சுருளைத் தொட்டிக்குள் சுற்றிப் போட்டாள். மருந்துக்குப் பார்த்த வெப்பமானியை, அலசும் தண்ணீருக்குப் பார்க்க மறந்துபோனாள்.

சுருளை வெளியே எடுத்தபோது, அதன் பூச்சு அவள் விரலோடு வழுக்கிக்கொண்டு வந்தது. முப்பத்தாறு படங்கள். மஞ்சள் சேறுபோல அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கிடந்தன.

அதைக் கழுவித்துடைக்கவும் தோன்றாமல் கையை விரித்தபடியே படிக்கட்டில் இருந்தாள். அப்படியேதான் ஜெயரட்ணம் அவளைக் கண்டான். காரின் பின்பக்கத்தில் மீன்கடையில் வாங்கிய ஐஸ் பாளங்கள் இரண்டு சாக்குக்குள் சுற்றிக் கிடந்தன.

"ஒண்டைப் பழுதாக்கிப்போட்டன் அண்ணை. அதிலதான் இருந்துதோ தெரியேல்லை."

"மிச்சம் எத்தனை?"

"மூண்டு."

"அப்ப எழும்பு. நான் ஐஸை உடைக்கிறன்."

அவன் சம்மட்டியால் ஐஸை உடைத்துக்கொண்டிருக்க, அவள் மருந்துப் போத்தல்களையும் தண்ணீர் வாளிகளையும் துணி தோய்க்கும் தொட்டிக்குள் அடுக்கி, வெப்பமானியை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். இருபத்தாறு. இருபத்துமூன்று. இருபது. இரண்டாவது சுருள் இருட்டில் சக்கரத்தில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. கடுங்குளிரில் ஓடிய ஃபிலிம் ஓரங்களில் வெடித்திருந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க முடியாது, விரல் ஈரமானால் ஃபிலிமில் படும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை அங்குலம் அரை அங்குலமாகச் சுற்றினாள்.

இந்த முறை பூச்சு நின்றது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு அண்டங்காகம். காலடித் தடங்கள். கரிபூ என்ற பனிமான்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாகப் போகின்றன, பனியில் முழங்கால் புதைய. எவ்வளவு அழகாக எடுத்திருக்கிறான் என்று நினைத்தாள். நினைத்த உடனேயே அவன்மேல் கோபம் வந்தது. ஒரு படத்திலாவது ஒரு மலை இல்லை, ஒரு கரை இல்லை. பனி, பனி, பனி.

மூன்றாவது சுருள் பாதியில் அறுந்திருந்தது. அதில் இருந்தது கூடாரமும் அடுப்பும் விடியற்கால மூட்டமும்.

நாலாவதில் ஏரி இருந்தது.

உறைந்த ஏரி முழுக்கத் தெரிந்தது. அதற்கு அப்பால் இரண்டு தலை உள்ள மலை, ஒரு தலை உடைந்ததுபோல. ஏரியின் இடப்பக்கம் ஓர் ஆறு வந்து சேர்ந்து, கரை கொக்கிபோல வளைந்திருந்தது. அந்த வளைவில், கரையோரமாக, பதினொரு ஓநாய்கள் நின்றன. எல்லாம் கமெராவைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் இதற்காகத்தான் போனான் என்பது அவளுக்கு ஒரு பார்வையிலேயே விளங்கியது.

படத்தைக் காகிதத்தில் அச்சிட எடுத்தபோது அவள் கை தானாகவே சட்டத்தை மேலே தள்ளியது. மலை மட்டும் விழுந்தது. கீழ்ப்பாதி வெளியே போனது.

"ஏன் வெட்டுறாய்?" என்று ஜெயரட்ணம் கேட்டான்.

"ஓநாய் தெரியக்கூடாது. மலை போதும்தானே?"

செய்தித்தாள் அலுவலகத்தில், படத்தை உருளையில் சுற்றித் தொலைபேசிக் கம்பி வழியே வெளிநாட்டுக்கு அனுப்பும் இயந்திரம் இருந்தது. அதைத் திருத்துகிறவன் ஜெயரட்ணம். பொறுப்பாளரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினான். உருளை சுற்றியது. ஒரு படத்துக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் வைதேகி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, கம்பி அறுந்துவிடுமோ என்று பயந்தவள்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வான்கூவரில் ஒரு செய்தித்தாள்காரர் அதைப் பிடித்து, விமானத்தில் வடக்கே அனுப்புவதாக ஏற்பாடு.

புதனன்று மக்லீன் கூப்பிட்டபோது படம் இன்னும் போய்ச்சேரவில்லை. அன்று அவள் வேலைக்குப் போனாள். எக்ஸ்ரேப் படமொன்றில் யாரோ ஒருவரின் கைவிரல் எலும்புகளைக் கண்டதும் வெளியே போய் வாந்தி எடுத்தாள்.

வியாழன் காலை மக்லீனின் குரல் களைத்திருந்தது.

"மூன்று விமானிகளிடம் காட்டினேன். மூன்று பேரும் மூன்று மலையைச் சொல்கிறார்கள். இங்கே இரண்டு தலை மலைக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரை தெரிந்தால் சொல்லலாம் என்கிறார்கள். படம் இவ்வளவுதானா, அம்மா? அடியில் வெட்டியிருப்பதுபோலத் தெரிகிறது."

வைதேகி இருட்டறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா?"

"மிச்சம் இருக்கிறது," என்றாள். "ஆனால் அதில் ஓநாய்கள் இருக்கின்றன. அந்தப் படத்தை வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருக்க முடியுமா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதற்காகப் பிறகு அவள் அவரை மதித்தாள். "நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் விமானிகளுக்குக் காட்டாமல் இடம் கண்டுபிடிக்க முடியாது. வேட்டைக்காரர்களை ஏற்றிப்போவதும் அதே விமானிகள்தான்."

ஜெயரட்ணம் வேலையிலிருந்து ஓடிவந்தான். "வெள்ளை மை பூசிப் பாப்பமே?" என்றான். பூசிப் பார்த்தார்கள். ஓநாய்கள் நின்றதே கரையின் வளைவில்தான். அவற்றை மறைத்தால் வளைவும் மறைந்தது. இன்னொரு பிரதி எடுத்து மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தாள். வெள்ளைத் திட்டுத் திட்டாக, எது கரை, எது மை என்று அவளுக்கே தெரியவில்லை.

"இப்பிடி அனுப்பிப் பிழையான ஏரிக்குப் போனால்?" என்றான் ஜெயரட்ணம் மெதுவாக.

வைதேகி தூரிகையைக் கழுவினாள். தண்ணீர் தெளியும்வரை கழுவினாள்.

"அவர் ஆறு வருஷமா இந்த ஒரு படத்துக்காக உயிரை விட்டவர் அண்ணை."

"ஓம். அதுக்காக உண்மையாவே விடவேணுமோ?"

அவள் முழுப் படத்தையும் அச்சிட்டாள். பதினொன்றும் விழுந்தன. அதில் ஒன்றின் காது கிழிந்திருந்தது. அதுகூடத் தெளிவாக விழுந்தது. அதைத் தன் கையாலேயே உருளையில் சுற்றினாள்.

வெள்ளி, செய்தி இல்லை. சனிக்கிழமை காலை தொலைபேசி ஒரு தரம் அடித்து நின்றது. அவள் பைத்தியம் பிடித்தவள்போலக் கருவியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அடித்தது.

அந்தப் பக்கத்தில் பொறி வைத்து மிருகம் பிடித்து வாழும் ஒரு முதிய பழங்குடிப் பெண், மலையைப் பார்க்காமலே, ஆறு சேரும் இடத்தில் விரலை வைத்தாளாம். சிறுவயதில் அங்கே மீன் பிடித்திருக்கிறாளாம். இடம் தெரிந்துவிட்டது.

"அப்ப போயிட்டீங்களோ?" என்று கத்தினாள். பதற்றத்தில் எந்த மொழியில் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

இல்லை. காற்று. பனிப்புயல் எழும்பியிருக்கிறது. எந்த விமானமும் எழும்ப முடியாது.

ஞாயிறு, இருபதாம் திகதி. அவள் சமைக்கவில்லை. ஜெயரட்ணத்தின் மனைவி சிவனேஸ்வரி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். வைதேகியால் ஒரு வாய் வைக்க முடியவில்லை. அவனுடைய சாப்பாடு இன்றோடு முடிகிறது. வெளியே வெயில் எரிந்தது. அந்த வெயிலில் ஒரு கைப்பிடியை எடுத்து அனுப்ப முடிந்தால் என்று, அர்த்தமே இல்லாமல் திரும்பத் திரும்ப நினைத்தாள்.

திங்கள், காற்று. செவ்வாய், காற்று.

புதன் காலை மக்லீன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "உயிரோடு இருக்கிறார்," என்றார். "உயிரோடு இருக்கிறார், அம்மா. கேட்கிறதா?"

கேட்டது. அவள் கருவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய், உடுப்புக் காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மக்லீன் காத்திருந்தார். வெளிநாட்டு அழைப்பு நிமிடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று அந்த மனிதர் யோசிக்கவில்லை.

அடுப்பு எண்ணெய் தீர்ந்தபிறகு விக்னராஜா மரத்தாலான கமெராத் தாங்கியையும் பெட்டியையும் வெட்டி எரித்திருக்கிறான். சாப்பாட்டை நாளுக்கு ஒரு நேரமாகக் குறைத்திருக்கிறான். வலக்கையில் இரண்டு விரல் நுனிகள் குளிரில் கருகிவிட்டன, பிறகு வெட்டவேண்டிவந்தது.

ஏப்ரலில் அவன் வந்து இறங்கினான். கையில் கட்டு, கன்னத்தில் குழி. துல்லமரீன் விமான நிலையத்தில் இருந்து ஜெயரட்ணம் காரை ஓட்டினான். வைதேகி, வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கலாம் என்று எண்ணியிருந்தாள். பாதி வழியிலேயே சொல்லிவிட்டாள்: பழுதான சுருளை, வெட்டிய படத்தை, பிறகு அனுப்பிய முழுப் படத்தை.

"முழுசாவோ?" என்று கேட்டான்.

"ஓம். முழுசா."

அதன்பிறகு வெரிபீ வரும்வரை அவன் யன்னலால் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

மூன்று வாரம் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. மே மாதத்தில் மக்லீனின் கடிதம் வந்தது. ஒரு சனிக்கிழமை, காலைத் தேநீரோடு விக்னராஜா அதைப் படித்தான். படித்துவிட்டு அவளிடம் நீட்டினான். மார்ச்சில் இரண்டு விமானங்கள் அந்த ஏரிக்குப் போயின என்றும், ஊருக்கு ஏழு தோல்கள் வந்தன என்றும், தான் வருந்துவதாகவும் அவர் எழுதியிருந்தார்.

"ஏழு," என்றான் விக்னராஜா. "காது கிழிஞ்சது ஒண்டு நிண்டதே, அதுதான் தாய். நான் ரெண்டு கிழமை அசையாமல் கிடந்தாப் பிறகுதான் அது என்னை நம்பினது. நான் கிட்டப் போய், நம்பப் பண்ணி…" மேசையில் கட்டுக் கையால் அடித்து, வலியில் முகம் சுளித்தான். "ஆருக்கும் தெரியக்கூடாது எண்டு எவ்வளவு சொன்னனான்!"

வைதேகி கடிதத்தை மடித்தாள்.

"எனக்கும் தெரியக்கூடாது எண்டு சொன்னனீங்கள். எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தால், ஒரு படமும் தேவைப்பட்டிராது. முதல்நாளே நான் மக்லீனிட்டை ஏரியின்ர பேரைச் சொல்லியிருப்பன். ஆரும் ஒரு ஓநாயையும் பாத்திருக்கமாட்டாங்கள்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இது அவனுக்கு இதுவரை தோன்றவே இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"அதுகள் செத்ததுக்கு நானும் ஒரு காரணம்தான்," என்றாள். "இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் நாளைக்கு இன்னொருக்கா அப்பிடி வந்தாலும் முழுசாத்தான் அனுப்புவன். அதுக்கு நீங்கள் என்னோட கோவிக்கிறதெண்டால் கோவியுங்கோ."

அவன் தேநீர்க் கோப்பையை இடக்கையால் எடுக்கப்போய், எடுக்காமல் வைத்தான்.

"நான் கோவிக்கேல்லை," என்றான் கடைசியில். "நான்… எனக்கு வெக்கமாக் கிடக்கு."

பிறகு, வந்த நாளிலிருந்து அவன் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"அந்த ஒன்பது நாளும் நீர் என்ன செய்தனீர்?"

வைதேகி எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். எங்கே தொடங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் வாந்தி எடுத்ததுதான் முதலில் நினைவுக்கு வந்தது, அதைச் சொன்னாள். அங்கிருந்து முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.